லட்சுமி இருந்த ஆணி

என் அப்பா ஒரு வருஷம் லட்சுமியின் இடத்தில் இருந்தார். மிகைப்படுத்துவதுதான் எனக்குச் சோறு போடுகிறது என்றாலும் இதில் மிகை இல்லை. மகாலட்சுமி தாமரையில் உட்கார்ந்து காசு கொட்டிக்கொண்டிருந்த அதே ஆணியில், அதே அளவு அட்டையில், பச்சைத் தலைப்பாகையும் பட்டுக்கரை வேட்டியுமாக என் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே தேதி கிழிக்கும் கட்டு. ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் அந்த வருஷம் அவர் காலடியில்தான் கிடந்தன.

விருதுநகரில் ஒரு பட்டறை இருந்தது. பெரிய முதலாளி ஆரம்பித்தபோது அதன் பெயர் ஸ்ரீ பேச்சியம்மன் கலப்பைப் பட்டறை. கொழுவும் மண்வெட்டியும் களைக்கொத்தும் அடித்து விற்றார்கள். விளம்பரம் என்றால் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு சுவரில் நீல மையில் எழுதிய பெயர், அப்புறம் வருஷா வருஷம் சிவகாசியில் அச்சடிக்கிற தினசரிக் காலண்டர். காலண்டரில் பேச்சியம்மனைப் போட முதலாளிக்கு ஆசைதான். ஆனால் ஆடிப் பெருக்கன்று அச்சாபீசுகள் வெளியிடுகிற மாதிரிப்பட ஆல்பத்தில் பேச்சியம்மன் இருக்க மாட்டாள். தொங்கும் நாக்கும் உருட்டிய விழியுமாக இருப்பவளை எந்த வீட்டுக் கூடத்தில் மாட்டுவது? எனவே லட்சுமி. பிறகு கைத்தெளிப்பான் செய்ய ஆரம்பித்தபோது கம்பெனி 'பேச்சி மார்க்' ஆனது. விசைத்தெளிப்பான் வந்தபோது 'பி.எம். அக்ரோ' ஆனது. சின்ன முதலாளி கோயமுத்தூரில் மேல்படிப்பு முடித்துத் திரும்பிய வருஷம், களையெடுக்கும் எந்திரத்தோடு சேர்த்து 'பெச்கோ' என்ற பெயரும் வெளியாயிற்று. ஒரு காவல் தெய்வத்தை மூன்று எழுத்தாகச் சுருக்க ஒரு தலைமுறை போதுமானதாக இருந்தது.

இந்தச் சரித்திரத்தை எனக்குச் சொன்னது மாமா, அம்மாவின் தம்பி. அந்தக் காலண்டரை அடிக்கும் சிவகாசி அச்சாபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிசைன் செய்பவர். இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த வருஷங்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவருக்கு எங்கள் தெருவில் டாக்டருக்கு அடுத்த மரியாதை இருந்தது. அவரும் டாக்டரைப் போலவே யார் பேசினாலும் பாதியில் குறுக்கிடுவார்.

அந்த வருஷம் சின்ன முதலாளி ஆல்பத்தைப் புரட்டிப் பார்க்காமலே மூடிவிட்டாராம். லட்சுமி உரக்கடையிலும் இருக்கிறாள், நகைக்கடையிலும் இருக்கிறாள், அடகுக்கடையிலும் இருக்கிறாள், நம் சரக்கு இன்னதென்று எவனுக்குத் தெரியும், நமக்கென்று ஒரு முகம் வேண்டும், நிஜமான விவசாயியின் முகம் வேண்டும் என்றாராம். மெட்ராசிலிருந்து மாடல் வரவழைக்கலாம் என்று யாரோ சொல்ல, மாமா குறுக்கிட்டிருக்கிறார். எங்க மச்சான் இருக்காரு, மீசை இருக்கு, பல்லு வரிசையா இருக்கு.

என் அப்பா நிஜமான விவசாயியாக இருந்தவர்தான். மல்லாங்கிணற்றில் நிலமுள்ள ஒரு சம்சாரியின் கரிசலில் பையனாகப் போய் மீசை முளைத்து நரைக்கத் தொடங்கும் வரை பருத்தியும் கொத்துமல்லியும் பார்த்தவர். கரிசல் அவருடையதல்ல, களைப்பு மட்டும் அவருடையது. மழை தொடர்ந்து ஏமாற்றியதும் எங்களைக் கூட்டிக்கொண்டு சிவகாசிக்கு வந்து, நாரணாபுரம் பக்கத்தில் ஒரு பயராபீசில் சேர்ந்தார். பட்டாசு கம்பெனிக்கு எங்கள் ஊர்ப்பக்கம் அதுதான் பெயர். நாலு வருஷத்தில் வெடிமருந்து கலக்கும் மருந்து ரூமுக்குப் போய்விட்டார். மருந்து கலக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். ஏன் அதிகம் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

சாயங்காலம் வேன் வருகிற நேரத்தில் அம்மா எந்த வேலையும் செய்ய மாட்டாள். வாசலில் வந்து நிற்பாள். அப்பா இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உலை வைப்பாள். எங்காவது டமார் என்று கேட்டால், அது கல்யாண வீட்டு வெடியாக இருந்தாலும், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். அவர் உயிரோடு வீடு வந்து சேர வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு உலகத்திடம் வேறு கோரிக்கை இருந்ததாக எனக்கு நினைவில்லை. மருந்து ரூமை விட்டுவிடுங்கள் என்று சொல்லிச் சொல்லி, அது எங்கள் வீட்டில் கடிகாரச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. யாரும் காதில் வாங்குவதில்லை.

படம் எடுத்த அன்று நானும் போயிருந்தேன். எனக்குப் பத்து வயது. வயலில் எடுப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அந்த வருஷம் விருதுநகரிலிருந்து மல்லாங்கிணறு வரை பச்சையாக இருந்தது கருவேலம் மட்டுமே. ஆகவே ஒரு பயராபீஸ் முதலாளியின் பங்களாப் புல்தரையில் எந்திரத்தை நிறுத்தி, அப்பாவை அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். தோட்டக்காரர் புல் நசுங்குகிறதென்று கத்திக்கொண்டே இருந்தார். அப்பா அந்த எந்திரத்தை அன்றுதான் முதல்முறையாகத் தொட்டார். சிரிங்க, சிரிங்க என்று படமெடுப்பவர் சொல்ல, எதுக்கு என்று அப்பா கேட்டார். நல்ல விளைச்சல் கண்ட மாதிரி நினைச்சுக்கோங்க என்றதும் அப்பா நீண்ட நேரம் யோசித்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரே பிரச்சினை கை. அலுமினியப் பொடி ஏறி ஏறி அப்பாவின் கைகள் விரல்நுனி வரை சாம்பல் நிறத்தில் மினுங்கும். எந்தச் சோப்புக்கும் மசியாது. மாமா கம்ப்யூட்டரில் அதற்கு மண் நிறம் கொடுத்தார். நகக்கண்ணில் கொஞ்சம் சேறும் வைத்தார். பின்னால் புல்தரையை எடுத்துவிட்டு, ஆல்பத்திலிருந்து தஞ்சாவூர்ப் பக்கத்து நெல்வயல் ஒன்றைப் போட்டார். பருத்திக்காட்டில் களையெடுக்கும் எந்திரத்தோடு, கழுவ முடியாத வெடிமருந்துக் கையை மறைத்துக்கொண்டு, அடுத்தவர் ஊர் நெல்லுக்கு முன்னால் என் அப்பா நின்றார். கீழே, 'நிஜ விவசாயி, நிஜ நண்பன்.'

ஜனவரி முதல் தேதி எங்களைக் கம்பெனி ஷோரூமுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பொங்கலுக்கு வைத்திருந்த துணியை அன்றைக்கே உடுத்திக்கொண்டு போனோம். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அச்சாபீசிலிருந்து வரும் முதல் கட்டைப் பிரித்து, முதல் காலண்டரைக் கல்லாவுக்கு மேலே உள்ள ஆணியில் மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சாத்தி, சூடம் காட்டுவார்கள். பட்டறைக் காலத்திலிருந்து இதைச் செய்து வந்தவர் வயதான கணக்குப்பிள்ளை. காலண்டரில் சாமி மாறிவிட்டதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருப்பார் என்று தோன்றவில்லை.

நாங்கள் படியேறி உள்ளே போனபோது சுவரில் அப்பா இருந்தார். நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கழுத்தில் மல்லிகைச் சரம். முன்னால் ஊதுபத்தி. சூடம் எரிந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர் பயபக்தியோடு சர்க்கரைப் பொங்கலுக்குக் காத்திருந்தார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் தெருவில் யாருடைய அப்பாவுக்கும் சூடம் காட்டியதில்லை. கையெடுத்துக் கும்பிட்டு, கண்ணை மூடி, கணக்குப் பாடத்தில் பாஸாக்கிவிடும்படி அப்பாவிடமே வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் முடியும் முன்பே உச்சந்தலையில் அம்மாவின் அடி விழுந்தது.

அம்மா ஸ்டூலைப் போட்டு ஏறினாள். சரத்தைப் பிடுங்கிக் கீழே போட்டாள். முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தாள். அது போவதற்குப் பதிலாக நெற்றியிலிருந்து கன்னம் வரை இழுத்துக்கொண்டு சிவப்பாகப் பரவியது. பூவைக் காட்டிலும் அது மோசமாக இருந்தது. அம்மா ஸ்டூல் மேலேயே அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் என் நிஜ அப்பா, செருப்பைக் கழற்றி விட்ட இடத்தைவிட்டு நகராமல், தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசமா இந்த ஆணியில மாட்டுன படத்துக்குப் பூப் போடாம நான் இருந்ததில்ல தாயி" என்றார் கணக்குப்பிள்ளை. அவர் குரலில் குற்றம் செய்த தொனியே இல்லை.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. கல்லாவில் இருந்த பெரிய முதலாளியைப் பார்த்தாள். ஸ்டூலிலிருந்து இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள்.

"உசுரோட நிக்கிற மனுசனுக்குப் பூப் போட்டுட்டீக. இனி இவுகளை நான் மருந்து ரூமுக்கு அனுப்ப மாட்டேன். உங்க ஆணியில தொங்குனவுக, உங்ககிட்டயே வேலை பாக்கட்டும்."

பெரிய முதலாளி பேச்சியம்மனுக்குப் பயந்தவர். கம்பெனி பெயரிலிருந்து அவளை எடுத்துவிட்ட பயம் வேறு ஏற்கெனவே உள்ளே இருந்தது. நான் இருக்கிற வரைக்கும் இவருக்கு இங்கே வேலை உண்டு என்று எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தார். அன்று சாயங்காலமே அம்மா பேச்சியம்மன் கோயிலில் மந்திரித்த மஞ்சள் கயிற்றில் ஒரு சின்னத் தாயத்தைக் கோத்து, அப்பாவின் வலது மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டாள். அதை அவிழ்த்தால் என் மேல் ஆணை என்றாள்.

அப்பா பயராபீஸை விட்டார். வேன் எங்கள் வாசலில் நிற்காமல் போக ஆரம்பித்தது. அம்மா சாயங்காலங்களில் பாட்டுக் கேட்டுக்கொண்டே சமைத்தாள்.

முதல் வருஷம் நன்றாகத்தான் போயிற்று. அருப்புக்கோட்டை, சாத்தூர், திருச்சுழி என்று எங்கே விவசாயக் கண்காட்சி நடந்தாலும், காலண்டரில் இருந்த அதே தலைப்பாகையோடு அப்பா எந்திரத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும். அச்சாபீசில் மிஞ்சிய தாள்களை மாமா கொண்டுவந்து தந்தார். என் புத்தகம் நோட்டு எல்லாவற்றுக்கும் அப்பாதான் அட்டை. அறிவியலிலும் அப்பா, வரலாறு புவியியலிலும் அப்பா. காலண்டர் மல்லாங்கிணற்றுக்கும் போயிற்று. அப்பா கூலிக்கு நின்ற சம்சாரி வீட்டிலும் ஒன்று மாட்டியிருந்தார்களாம். வருகிறவர்களிடமெல்லாம் அவர், இவன் நம்மகிட்ட நின்ன பய என்று காட்டினாராம். இதை அப்பாவிடம் வந்து சொன்னார்கள். அப்பா சிரித்தார். காலண்டரில் இருந்த சிரிப்பு அல்ல.

சிக்கல் அப்பாவின் வாயால் வந்தது. எந்திரத்தைப் பார்க்க வருகிற சம்சாரிகள் சின்ன முதலாளியிடம் கேட்காமல் அப்பாவிடம் கேட்டார்கள். நிஜ விவசாயி என்று அச்சடித்திருந்ததை நம்பிவிட்டார்கள். அச்சடித்திருந்ததை அப்பாவும் நம்பிவிட்டார். ஈரம் இருந்தால் கரிசல் அப்பிக்கிடும், சக்கரம் சுத்தாது, மூணு நாள் காயவிட்டு ஓட்டுங்க, அவசரம்னா ஆளை விட்டே களை எடுத்துருங்க என்று பொறுப்பாக எடுத்துச் சொன்னார். இரண்டு கண்காட்சிகளில் ஓர் எந்திரம்கூடப் போகவில்லை. நீங்க பேச வேணாம், சிரிச்சாப் போதும் என்று சின்ன முதலாளி தன்மையாகத்தான் சொன்னாராம். அதன் பிறகு அப்பா எது கேட்டாலும் சிரித்தார். எந்திரம் என்ன விலை என்றாலும் சிரித்தார், மழை வருமா என்றாலும் சிரித்தார். ஆளுக்கு ஏதோ கோளாறு என்று பேச்சு கிளம்பியது.

மறு வருஷக் காலண்டருக்காக மெட்ராசிலிருந்து ஆலோசகர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். கஷ்டப்பட்ட முகத்தைக் கஷ்டப்படுகிறவனே காசு கொடுத்துப் பார்க்க மாட்டான், மனித முகமே வேண்டாம், குழந்தைகளுக்கும் பிடிக்கிற மாதிரி ஒரு பொம்மை வேண்டும் என்றார். இப்படியாக பெக்கி பிறந்தது. ஒரு கண்ணைச் சிமிட்டி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் காளை மாடு. மாட்டுக்குக் கட்டைவிரல் கொடுத்தவர் என் மாமாதான். மாட்டைக் காட்டை விட்டுத் துரத்திய கம்பெனிக்கு மாடே முகமாக வந்ததில் யாரும் எதுவும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. அந்த வருஷக் காலண்டரில் அப்பா இல்லை. பெக்கி இருந்தது.

ஆனால் பெரிய முதலாளி கொடுத்த வாக்கு இருந்தது. அப்பாவுக்கு ஓர் இடம் பார்த்தாக வேண்டும். பார்த்தார்கள்.

என்ன வேலை என்று அம்மா கேட்டபோது, வெயில் படாத வேலை என்றார் அப்பா. எனக்கு அது ஆபீஸ் வேலையாகத்தான் பட்டது. நாற்காலி, மின்விசிறி, மேசைமேல் கண்ணாடி என்று மனதுக்குள் நானே எல்லாம் வாங்கிப் போட்டேன். வகுப்பில், எங்கடி இந்த வருசம் ஒங்கப்பா படம், மாடுதான இருக்கு என்று கேட்டவர்களிடம், அப்பா ஆபீசர் ஆகிவிட்டதால் இனிமேல் படத்துக்கெல்லாம் நிற்க மாட்டார் என்று சொல்லியிருந்தேன். அந்த ஆபீசர் வீடு திரும்பும்போது தலை குளித்தவர்போல நனைந்திருக்கும். சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பார். முதுகெல்லாம் வேர்க்குரு. அம்மா பவுடர் போட்டுவிடுவாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்ப்பதும் கேட்பதும் வேறு.

விருதுநகரில் பொருட்காட்சி போட்டார்கள். பெச்கோவுக்கும் ஒரு கடை. அப்பாவைக் காட்டுகிறேன் என்று வகுப்புத் தோழிகள் மூன்று பேரை அழைத்துக்கொண்டு மாமாவோடு பஸ் ஏறினேன். எனக்குப் பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. மைதானத்துக்குள் நுழைந்ததும் மாமாவுக்கு யாரையோ பார்க்க வேண்டிய வேலை வந்துவிட்டது.

கடை முன்னால் பாட்டு அலறியது. பெக்கி ஆடிக்கொண்டிருந்தது. பஞ்சும் நுரையும் வைத்துத் தைத்த பெரிய தலை, வண்ணம் தீட்டிய கண்கள், சிரிக்கும் வாய், கட்டைவிரல் தூக்கிய கையுறை. பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தார்கள். அது திரும்பித் திரும்பிக் காகிதம் கொடுத்தது. கடைக்குள்ளே பார்த்தேன். நாற்காலி இருந்தது. அதில் வேறு யாரோ இருந்தார்.

"எங்கடி ஒங்கப்பா?" என்றாள் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர் மகள். அவள்தான் மூவரில் முக்கியமானவள். அவள் நம்பினால் வகுப்பே நம்பும்.

அந்த நேரம் பெக்கி எனக்குக் காகிதம் நீட்டியது. கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில் இரண்டு விரல்கடை இடைவெளி. அதில் வெளுத்த மஞ்சள் கயிறு. மூன்று முடிச்சு. சின்னத் தாயத்து.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாக யோசித்தது கிடையாது. இன்றைக்கு அதற்குச் சம்பளம் தருகிறார்கள், இருந்தும் அந்த வேகம் வருவதில்லை. அப்பா உள்ளே இருட்டில் இருக்கிறார், பொம்மைக் கண்ணால் எதுவும் தெரியாது, வந்திருப்பது நான்தான் என்று அவருக்குத் தெரிய வழியில்லை, பாட்டுச் சத்தத்தில் குரலும் கேட்காது என்றெல்லாம் ஒரு நொடியில் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன்.

"எங்கப்பா ஆபீசுக்குள்ள இருப்பாரு. இது கூலிக்கு ஆடுற ஆளு" என்றேன். நம்பிக்கை வருவதற்காக மாட்டின் மூக்கில் ஓங்கி ஓர் அறையும் வைத்தேன். பொத்தென்று சத்தம் வந்தது. "எங்கப்பா சொன்னாத்தான் இது ஆடும். ஏ மாடு, சலாம் போடு."

பெக்கி ஆட்டத்தை நிறுத்தியது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பெரிய தலை மெதுவாகக் குனிந்தது. கையுறைக் கை நெற்றிக்குப் போயிற்று. சலாம் போட்டது. கணக்கர் மகள் கைதட்டினாள். திங்கட்கிழமைக்குள் வகுப்பு முழுக்க நம்பிவிட்டது.

அன்று சாயங்காலம் அப்பா கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தார். பொருட்காட்சிக்கு வந்திருந்தியாமே தாயி, மாமா சொன்னான், நான் உள்ளே வேலையா இருந்துட்டேன் என்றார். நான் நிம்மதியாக மிட்டாயைத் தின்றேன்.

மறுநாள் காலையில் அப்பா பழைய சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் பயராபீஸ் வேனைக் கை காட்டி நிறுத்தினார். அம்மா ஓடிப்போய் வேனுக்கு முன்னால் நின்றாள். வேனில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பூ விழுந்த கழுத்தோட அங்கன போறீகளே, என்ன ஆச்சு, யாரு என்ன சொன்னா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார்.

"யாரும் ஒண்ணும் சொல்லல. அங்கன வேக்காடு தாங்கல, அம்புட்டுத்தான்."

ஏறிப் போனார். மணிக்கட்டுக் கயிறு எங்கள் வீட்டுக் காலண்டர் ஆணியில், பெக்கியின் கொம்புமேல் தொங்கிக்கொண்டிருந்தது. மருந்து ரூமுக்குள் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால்தான் கழற்றியிருக்கிறார் என்று அம்மாவுக்கு நானே விளக்கம் சொன்னேன். அம்மா திரும்பவும் சாயங்காலங்களில் வாசலுக்கு வந்து நின்றாள்.

அப்பா இருக்கிறார். கணக்குப்பிள்ளை போட்ட பூ பலிக்கவில்லை, அல்லது மூன்றாவது தீபாவளி சீசனில் பாதி பலித்தது. மாமா மண் நிறம் பூசிய அந்த வலது கையில் இப்போது மூன்று விரல்கள். ஒரு காதும் கேட்காது. பெச்கோவின் அடையாளம் இன்றைக்கு ஒரு பச்சை இலை. நான் மெட்ராசில் ஒரு விளம்பர கம்பெனியில் வாசகம் எழுதுகிறேன். நாற்பதை நெருங்குகிறவள் 'மண்ணின் முகம்', 'மக்களின் நம்பிக்கை' என்றெல்லாம் எழுதிவிட்டு மதியம் தயிர்சாதம் சாப்பிடுகிறேன்.

போன வருஷம் தண்ணீர் மோட்டார் கம்பெனி ஒன்றுக்காக ஒரு தவளைப் பொம்மைத் தலை எங்கள் ஆபீசுக்கு வந்திறங்கியது. சிரிப்புக்காக ஆளாளுக்கு மாட்டிப் பார்த்தார்கள். என் முறை வந்தது. உள்ளே இருட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே மாட்டினேன். வேர்வை நாற்றம் அடித்தது, பழைய நுரை மூக்கில் உரசியது. ஆனால் இருட்டாக இல்லை. வாய்ப் பக்கத்தில் கறுப்பு வலை வைத்துத் தைத்திருந்தார்கள். வெளியே இருந்து பார்த்தால் அது வெறும் வாய். உள்ளே இருந்து பார்த்தால் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. எதிரில் நின்ற பெண்ணின் கண், என் முகத்தைப் பார்க்கிறதா, மணிக்கட்டைப் பார்க்கிறதா என்பதுகூட.